அறுபத்து நான்காம் பக்கம்

ஷரீஃபுன்னிசா படித்த புத்தகங்கள் பல. ஆயினும் ஒன்றையேனும் அவள் முழுதும் படித்ததில்லை. கதை எவ்வாறு தொடங்கிற்று என்பதும், இறுதியில் யார் யாரை மணந்தனர் என்பதும் அவளுக்குத் தெரியா. நடுவில் பதினாறு பக்கங்கள். அவளுக்கு வாய்த்த பங்கு அவ்வளவே.

இதற்குக் காரணம் சோம்பலன்று, தொழில். பழைய வண்ணாரப்பேட்டையில் வேதமாணிக்கம் என்பவர் புத்தகம் கட்டும் பட்டறையொன்று வைத்திருந்தார். அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள் ஒவ்வொன்றிலும் இரு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கங்கள் அச்சாகியிருக்கும். அத்தாளைப் ‘பாரம்’ என்பது அத்தொழிலின் வழக்கு. அதை மூன்று முறை மடித்தால் பக்கங்கள் வரிசைக்கு வந்துவிடும். மடிக்கும் வேலையைச் சுற்றுப்புறத்து வீடுகளுக்குக் கொடுத்து, மடித்து வந்தவற்றைப் பட்டறையிலே சேர்த்துத் தைத்து அட்டை கட்டுவார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பாரங்களைக் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது வேதமாணிக்கத்தின் அச்சம். ஆகவே வீட்டுக்கு ஒரு பாரம் என்று வகுத்திருந்தார். எந்த நூலாயினும் ஷரீஃபுன்னிசாவின் வீட்டுக்கு நான்காம் பாரந்தான் வரும். நாற்பத்தொன்பதாம் பக்கம் முதல் அறுபத்து நான்காம் பக்கம் வரை.

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் அவள். தாளை விரித்து, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, மூங்கில் பட்டையால் ஒரே இழுப்பாக அழுத்தி மடிப்பாள். அந்த ஓர் இழுப்புக்குள் ஒரு வரி கண்ணில் விழும். அடுத்த தாளில் அடுத்த வரி. எல்லாத் தாளும் ஒன்றுபோலவே இருப்பதால், அடுக்கு முடிவதற்குள் பதினாறு பக்கமும் அவளுக்கு மனப்பாடமாகிவிடும்.

பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் ஊரெல்லாம் சன்னலைத் திறக்கும். அவ்வீட்டில் மட்டும் சாத்துவார்கள். காற்று நுழைந்தால் தாள் பறக்குமன்றோ? வியர்வை தாளிற் சொட்டாதிருக்கத் தாயும் மகள் ஜெரினாவும் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு மடிப்பார்கள்.

படித்ததை ஷரீஃபுன்னிசா வீணாக்குபவள் அல்லள். கோழி வளர்ப்பைப் பற்றிய நூலின் நான்காம் பாரத்தைப் படித்த பிறகே முற்றத்துக் கோழிகளுக்குக் கிளிஞ்சலை இடித்து வைக்கத் தொடங்கினாள். போரில் தோற்று ஓடிய அரசன் ஒருவன் காட்டில் விறகுவெட்டியிடம் கூழ் வாங்கிக் குடித்ததைப் படித்த நாள்முதல், வாசலில் வந்து நின்ற எவரையும் அவள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அந்த அரசன் பிறகு நாட்டை மீட்டானா என்பது மட்டும் தெரியாது. மீட்டிருப்பான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

“இன்னா பாயம்மா, நம்ம பாரம் இன்னிக்கு இன்னா சொல்லுது?” என்று கேட்டுக்கொண்டே காசிமேட்டுக் குப்பம்மா மீன்கூடையை வாசலில் இறக்குவாள். நண்பகல் வரை தெருத்தெருவாய் மீன் விற்றுவிட்டு, அவ்வீட்டுத் தேநீருக்காகவும் ஷரீஃபுன்னிசா சொல்லும் வார்த்தைக்காகவும் வருபவள் அவள்.

“இன்னிக்கு ஒண்ணும் தேறல குப்பம்மா. கொத்தனாருங்க படிக்கிற புஸ்தகம். செவுரு கட்றது எப்டின்னு போட்டுக்கீது.”

“செவுர வுடு. போன மாசம் ஒரு பொண்ணு ரயிலடியில நின்னுகினு அய்தாளே, அவ இன்னா ஆனா?”

“அது அஞ்சாம் பாரத்துல கீது. எனுக்கு எப்டித் தெரியும்?”

“நல்லா கீதே ஞாயம்! அய்வுற பொண்ண அம்போன்னு வுட்டுட்டு நீ செவுரு கட்டப் பூட்டியா? எனுக்குச் சோறு எறங்கல பாயம்மா. கைல புள்ளய வேற வெச்சிகினு நிக்கிறா.”

“புள்ள இல்ல, பொட்டி. துணிப் பொட்டி.”

“பொட்டியா? நான் புள்ளன்னு நெனச்சிகினு அதுக்குப் பால் கெடச்சுதோ இல்லியோன்னு பேஜாராயிகினு கீறேன்!”

ஷரீஃபுன்னிசாவின் வார்த்தையைச் சற்று அஞ்சிக் கேட்பவன் ஒருவன் உண்டு. கணவன் ரஷீதின் இளமைத் தோழன் அலி அக்பர். திருவொற்றியூர்த் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். முன்னொரு முறை வைத்திய நூலொன்றின் நான்காம் பாரம் வந்தபோது, இருமலால் வருந்திய அவனுக்கு அவள் ஒரு கஷாயம் சொன்னாள். இருமல் நின்றது உண்மையே. ஆனால் அதைக் குடித்த அன்று மீனைத் தொடலாகாது என்னும் பத்தியம் ஐந்தாம் பாரத்தில் இருந்திருக்கிறது. அவனோ அன்று வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தின்றான். வேலைக்குப் போகாமல் கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்து மீண்டபின் வந்து சொன்னான்: “ஒன் வார்த்தைக்கு எப்பவும் ஒரு வாலு கீது தங்கச்சி. அந்த வாலு வேற யாரு வூட்லயோ கீது.”

ரஷீது எழுத்தறியாதவன். அதனாலேயே மனைவியின் படிப்பில் அவனுக்கு அளவற்ற மதிப்பு. துறைமுகத்தில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் கூட்டத்தில் இருந்தான். அச்சந்தில் அவ்வீட்டை ‘ஹார்பர் பாய் வூடு’ என்றே அடையாளம் சொல்வார்கள். ஒருநாள் கயிற்று வலை நழுவி மூட்டை காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஏணியில் ஏற முழங்கால் மட்டும் மறுத்தது. “கொஞ்சம் பொறு ரஷீது. ஒக்காந்த வேலயா பாத்துச் சொல்லி அனுப்புறேன்” என்றார் மேஸ்திரி திருமலை. அவர் அவ்வாறு சொன்னது மாம்பழக் காலத்தில். இப்போது ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

வீட்டிலிருந்த நாட்களில் ரஷீது தேநீர் போட்டான். துறைமுகத்துக் கொட்டகையில் கூட்டாளிகளுக்குப் போட்டுப் பழகிய கை அது. இஞ்சியைத் தட்டிப் போட்டு, பாலைத் தனியே சுண்டவிட்டு, இரண்டு குவளைகளுக்கு நடுவே அவன் ஆற்றும்போது தேநீர் செம்புக் கம்பிபோல் நீளும். சந்திலிருந்தவர்கள் ஏதேனும் ஒரு சாக்கோடு அந்நேரம் பார்த்து வருவார்கள்.

அந்த ஐப்பசியில் ஷரீஃபுன்னிசாவுக்கு ஒரு நல்ல நூலின் நான்காம் பாரம் வந்தது. யாரோ ஒரு பெரியவர் தாம் வாழ்ந்து கண்டவற்றைச் சிறு சிறு வாசகங்களாக எழுதியது. பெயர் முதற்பாரத்தில் அல்லவா இருக்கும்? ஆகவே எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. ‘சினம் கொண்டவனுக்கு முதலில் தண்ணீர் கொடு, மறுமொழியைப் பிறகு கொடு’ என்றது ஒரு வாசகம். ‘நாலு பேருக்குக் கேட்கும்படி பாராட்டு; ஒருவனுக்கு மட்டும் கேட்கும்படி கண்டி’ என்றது மற்றொன்று. மூங்கில் பட்டை ஓட ஓட அவள் உதடு அசைந்தது. ஜெரினாவைக் கண்டிக்க வேண்டியபோது அவளை அழைத்துக் காதோடு சொன்னாள்.

“இன்னாம்மா ரகசியம்?” என்றாள் ஜெரினா.

“பருப்பத் தீய வுட்டுட்டே. அத்தத்தான் சொல்றேன்.”

“அத்த ஏன் காதுல சொல்றே? தீஞ்ச வாசன தெருக்கோடி வரைக்கும் பூட்சே!”

அப்பாரத்தின் கடைசிப் பக்கத்துக் கடைசி வரி அவளை மிகவும் கவர்ந்தது. ‘பொறுமையோடு கரையில் அமர்ந்திருப்பவனைத் தேடிக் கப்பல் தானே வரும்’ என்பது அது. பக்கத்தின் அடிவரை கச்சிதமாக வந்து நின்றிருந்தது அந்த வரி. துறைமுகத்துக்காரன் வீட்டுக்கென்றே எழுதியது போலிருந்தது அவளுக்கு. அன்று மடித்த ஒவ்வொரு தாளிலும் அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

திங்கட்கிழமை மாலை அலி அக்பர் நனைந்த குடையோடு வந்தான். ரஷீது கொடுத்த தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, வந்த செய்தியைச் சொன்னான்.

“மாமு, எங்க கம்பெனி வாசல்ல டீக்கட வெச்சிகினு கீறாரே ஹபீபுல்லா பாய், அவுரு நாகூருக்கே போறாராம். பொண்ணு வூட்டோட இருக்கப் போறாரு. கடய நல்ல கையா பாத்துக் குடுக்கணுமாம். நான் ஒம் பேரச் சொல்லிட்டேன்.”

ரஷீதின் கையிலிருந்த குவளை அசையாமல் நின்றது. “நானா? அந்தக் கடயா? அன்னிக்கு நீயும் நானும் போயி ஒக்காந்தமே, அதா?”

“அதே தான். குடுக்கல் வாங்கல்லாம் அப்பால பாத்துக்கலாம்ன்ட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. அடுப்பு அணையக் கூடாது. அவுரு கடையத் தொறந்த நாள்லேர்ந்து அந்த அடுப்பு அணைஞ்சதே இல்ல தெரியுமா? கடய மூடும்போது நெருப்பச் சாம்பல் போட்டு மூடி வெப்பாரு, காலீல ஊதி எயுப்புவாரு. அணைஞ்ச அடுப்பக் கைமாத்துறது அவுருக்கு ஆவாது. வெள்ளிக்கெயம, ஜும்மாவுக்கு மின்னாடி, எரிஞ்சிகினு இருக்கும்போதே ஒரு கையில குடுத்துட்டு ரயிலேறணும்கிறாரு. நீ வரலன்னா மணலிக்காரன் ஒர்த்தன் கேட்டுகினு கீறான்.”

ரஷீது மனைவியைப் பார்த்தான். அவள் மூங்கில் பட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“மேஸ்திரி சொல்லி அனுப்புறேன்னு சொல்லிக்கீறாரு அண்ணே.”

“மாங்கா சீசன்ல சொன்னாரு. இப்போ மாங்கொட்டயே மொளச்சிருக்கும்.”

“பொறுமையோடு கரையில் அமர்ந்திருப்பவனைத் தேடிக் கப்பல் தானே வரும்” என்று அவள் நூலில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.



“இது எந்தப் பாரம்?” என்றான் அலி அக்பர், ஐயத்தோடு.

“நாலாம் பாரந்தான். வேறெது எனுக்கு வரும்?”

“அதான் கேட்டேன்” என்று அவன் முணுமுணுத்தான்.

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் தோஸ்து” என்றான் ரஷீது. “பெரியவுங்க எய்தினது. ஹபீபுல்லா பாய்கிட்ட சலாம் சொன்னேன்னு சொல்லிடு.”

தான் சொன்ன வாசகத்திற்குள் தன் விருப்பமும் ஒளிந்திருந்ததை அவள் அப்போது உணரவில்லை. ‘ஹார்பர் பாய் வூடு’ என்று சந்தில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு நிமிர்வு தோன்றும். அதை ‘டீக்கடக்காரன் வூடு’ என்று மாற்றிக்கொள்ள மனம் வரவில்லை. அந்நேரத்தில் புத்தகமும் அவள் பக்கமே பேசிவிட்டது.

மறுநாள் காலையில் ரஷீது கொடுத்த தேநீரில் சர்க்கரை இல்லை. அவன் மறந்ததே கிடையாது. அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். நண்பகலில் வந்த குப்பம்மா சொல்லாமல் இருப்பாளா?

“இன்னா பாய், சக்கர கப்பல் இன்னும் வர்லியா?”

ரஷீது சிரித்தான், ஆனால் அச்சிரிப்பு உதட்டோடு நின்றது.

புதன்கிழமை மழை சற்று விட்டிருந்தது. ஈரத்தில் தாள் தொய்ந்து, மடிப்பு நேராக விழ மறுத்தது. நெருப்புச் சட்டியைத் தள்ளி வைத்து அதன் சூட்டில் தாளைக் காட்டி மடித்தார்கள். ரஷீது நொண்டி நொண்டி மீன் வாங்கப் போயிருந்தான்.

“அம்மா, ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது” என்றாள் ஜெரினா.

“சொல்லு.”

“அலி மாமாவோட போயி அந்தக் கடயப் பாத்துட்டு வந்தாரே அத்தா, அப்பால ஒருநாள் அடுப்புச் சாம்பல்ல வெரலால கோடு போட்டுகினு இருந்தாரு. இது பாய்லரு, இது பெஞ்சி, இங்க கிளாசு, இந்தாண்ட பிஸ்கோத்து ஜாடி, இப்டின்னு. என்னப் பாத்ததும் அல்லாத்தயும் அழிச்சிட்டாரு.”

“கட கெடைக்கும்னு தெரியறதுக்கு மின்னாடியேவா?”

“ஆமா. சொம்மா நெனச்சிப் பாத்துகினு இருந்தாரு.”

ஷரீஃபுன்னிசா அடுத்த தாளை விரித்தாள். கடைசி வரி கண்ணில் விழுந்தது. இம்முறை அதை விரைவாக மடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில், மடித்தவற்றை எண்ணெய்த்துணியால் மூடிக் கைவண்டியில் ஏற்றி, துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மழையால் வேலைக்காரிகள் சிலர் வரவில்லை. புத்தகத்தை அன்றே தைக்கக் கொடுத்தாக வேண்டும் என்று வேதமாணிக்கம் தவித்துக்கொண்டிருந்தார்.

“ஷரீபாம்மா, இன்னிக்கி ஒருநாள் நீயும் பாரம் சேக்குறியா? கஷ்டம் ஒண்ணும் இல்ல. மேசயச் சுத்திகினே வரணும், அவ்ளோதான்.”

அதுவரை அவள் அந்த வேலையைச் செய்ததில்லை. நீண்ட மேசையின் விளிம்பில் முதற்பாரத்திலிருந்து கடைசிப் பாரம் வரை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி வந்து, அடுக்குக்கு ஒன்றாக எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஒரு புத்தகம் சேர்ந்திருக்கும்.

முதற்பாரத்தை எடுத்ததும் அதன் முதற்பக்கத்தைப் பார்த்தாள். தான் மடித்த ஒரு புத்தகத்தின் முகத்தை அவள் பார்ப்பது அதுவே முதல் முறை. எழுதியவர் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர் என்று போட்டிருந்தது. ‘அதான் கரை, கப்பல்னு எழுதிக்கீறாரு’ என்று மகிழ்ந்தாள். இரண்டு, மூன்று, பிறகு தன் வீட்டுப் பாரம், தன் கையால் மடித்தது. அதன்கீழ் வைக்க ஐந்தாவதை எடுத்தாள். அறுபத்தைந்தாம் பக்கம் மேலே தெரிந்தது. முதல் வரியைப் படித்தாள். நடை நின்றுவிட்டது.

‘என்று சொல்லிக்கொண்டு மணலில் அமர்ந்திருந்த ஒருவனை யான் நெடுநாள் விளக்கின் மேலிருந்து பார்த்து வந்தேன். அவனைத் தேடி வந்தவை நண்டுகள் மட்டுமே. கப்பல் ஏற விரும்புவோன் படகைத் தள்ளட்டும்.’

பின்னால் வந்தவள் அவள்மேல் இடித்தாள்; அவளுக்குப் பின்னால் வந்தவள் அவள்மேல் இடித்தாள்.

“இன்னாம்மா, தேர் நின்னுபூட்சி?” என்று வேதமாணிக்கம் எட்டிப் பார்த்தார்.

இடித்தவள் மலிகா. அடுத்த தெருக்காரி, ஐந்தாம் பாரம் மடிப்பது அவள் வீட்டில்தான். “இன்னா பாயம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே? ஓ, நண்டா! அது எங்கூட்டுப் பாரம். நல்ல வார்த்த இல்ல? ஒக்காந்த எடத்துலயே ஒருத்தனத் தேடிகினு நண்டு வந்துக்கீது பாரேன், குடுத்து வெச்சவன்னு நெனச்சிகினேன். அன்னிக்கே நண்டு வாங்கி மொளகு போட்டுக் கொயம்பு வெச்சேன்.”

ஷரீஃபுன்னிசாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று விளங்கவில்லை. தன்னிடம் கப்பல், இவளிடம் நண்டு. இரண்டு தெருக்களுக்கு நடுவே அந்தப் பெரியவர் சொல்ல வந்தது அறுந்து கிடந்திருக்கிறது.

“மலிகா, ஒண்ணு கேக்குறேன். போன மாசம் ஒரு கதப் புஸ்தகம் வந்துதே, அதுல ரயிலடியில ஒரு பொண்ணு…”

“பொட்டியோட நிப்பாளே, அவதானே? மொத பக்கத்துலயே அவ அண்ணங்காரன் வந்து வூட்டுக்கு இட்டுகினு பூட்றான். ஆனா அவ எதுக்கு அங்க போயி நின்னா?”

“அது நாலாம் பாரம். மாமியா கொடும. அப்பால சொல்றேன்” என்றாள் ஷரீஃபுன்னிசா. அதன்பின் எத்தனையோ சுற்று சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் நான்கின்கீழ் ஐந்தை வைக்கும்போது கை கூசியது.

வேலை முடிந்து, மழைத்தூறலில் வீடு வந்து சேர்ந்தாள். ரஷீது அடுப்பருகே குந்தியிருந்தான். அவள் துப்பட்டியை உதறிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அவனிடம் நீட்டினாள்.

“எதுக்குத் தண்ணி? நான் கேக்கலியே?”

“குடிங்க. கோவம் வரும்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான். இனிமேதான் வரும்.”

அவன் விளங்காமல் இரண்டு வாய் குடித்தான். அவள் எதிரே அமர்ந்து, அறுபத்து நான்காம் பக்கத்துக் கடைசி வரியையும், அறுபத்தைந்தாம் பக்கத்து முதல் வரிகளையும் சேர்த்து நிறுத்தாமல் சொன்னாள். ஊருக்கெல்லாம் வார்த்தை சொல்பவள் தன் வீட்டிலேயே பாதி வார்த்தையால் கதவைச் சாத்திவிட்டாளே!

ரஷீது சொம்பைக் கீழே வைத்தான். அவன் தோள் குலுங்கியது. அவள் பயந்துபோனாள். பிறகுதான் அவன் சிரிக்கிறான் என்று தெரிந்தது.

“நண்டா! மாங்கா சீசன்லேர்ந்து நான் ஒக்காந்துகினு கீறேன், ஒரு நண்டு கூட வர்லியே ஷரீபா!”

“சிரிக்காதீங்க. எனுக்கு வயித்த எரியுது. ஒங்களுக்கு அந்தக் கட மேல ஆச இருந்துதா இல்லியா? மெய்யச் சொல்லுங்க.”

அவன் சிரிப்பு அடங்கியது. தரையைப் பார்த்தான். “இருந்துச்சி. காலு போனப்பறம் மொதமொதல்ல, காலீல எயுந்து ஓடணும்னு தோணிச்சி.”

“அத்த ஏன் அன்னிக்கே சொல்லல?”

“புஸ்தகம் வேணாம்னுச்சே.”

“புஸ்தகம் வேணாம்னு சொல்லல. நான்தான் சொன்னேன். ஹார்பர் பாய் வூடுன்னு கூப்புடுறது எனுக்குப் புடிச்சிருந்திச்சி. அதுக்குத் தோதா ஒரு வரி கெடச்சிது, புடிச்சிகினேன்.” சற்று நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “இப்போ நான் சொல்றேன், எந்தப் பாரத்துலயும் இல்லாதது. நாளைக்கிப் போவோம். மணலிக்காரனுக்குக் குடுத்துட்டாருன்னா டீயக் குடிச்சிட்டு வருவோம். குடுக்கலன்னா ஒங்க கையால குடிச்சிட்டு வருவோம்.”

வெள்ளிக்கிழமை மழை இல்லை. திருவொற்றியூர்ப் பேருந்தில் ரஷீது சன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தனக்குப் பழகிய குவளைகள் இரண்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான். வழியெல்லாம் கருவாட்டு மணமும் ஈரக் கடற்காற்றும் வந்தன. இருவரும் அதிகம் பேசவில்லை. கடை மணலிக்காரன் கைக்குப் போயிருக்குமோ என்ற ஒரே எண்ணந்தான் இருவருக்கும்.

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஓடு வேய்ந்த சிறு கடை. கடைக்குள் ஒருவன் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான். மணலிக்காரன்தான் என்று ஷரீஃபுன்னிசா முடிவு கட்டிவிட்டாள்.

“வந்துட்டாங்க போல!” என்று அவன் நிமிர்ந்தான். அலி அக்பர்! முகமெல்லாம் சாம்பல்.

உள்ளே பெஞ்சியில் மூட்டை முடிச்சோடு அமர்ந்திருந்த முதியவர் ஹபீபுல்லா எழுந்தார். “இவுருதானா? ஏம்பா, திங்கக்கெயமலேர்ந்து ‘இன்னும் ரோசன பண்ணிகினு கீறாங்க, இன்னும் ரோசன பண்ணிகினு கீறாங்க’ன்னே சொல்லிகினு கீறான் இவன். மணலிக்காரரு மூணு தபா வந்துட்டுப் பூட்டாரு. ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னா நான் அவருக்குக் குடுத்துட்டுக் கெளம்பியிருப்பேன்.”

“ரோசனயா?” என்றான் ரஷீது. “நாங்க அன்னிக்கே வேணாம்னு சொல்லிட்டமே?”

“நீங்க சொன்னீங்க, நான் சொல்லல” என்றான் அலி அக்பர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “தங்கச்சி சொன்னது நாலாம் பாரம். வாலு வரட்டும்னு இருந்தேன். கஷாயம் குட்ச்சவன் நான், எனுக்குத் தெரியாதா? இன்னா தங்கச்சி, வாலு வந்துச்சா?”

ஷரீஃபுன்னிசா துப்பட்டியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். “வந்துச்சிண்ணே. நண்டு மாதிரி கடிச்சிது.”

ஹபீபுல்லாவுக்கு இவை ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டுமென்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. இடுக்கியால் ஒரு நெருப்புத் துண்டை எடுத்துத் திருப்பி வைத்து, இடுக்கியை ரஷீதின் கையில் கொடுத்தார். “பிஸ்மில்லா சொல்லி வாங்கிக்க நைனா. மழை நாள்ல வடக்குப் பக்கம் தட்டிய எறக்கிடு, சாரல் அடிக்கும். வேற ஒண்ணும் இல்ல.”

அப்போது தொழிற்சாலைச் சங்கு ஊதியது. வாசல் திறந்து ஆட்கள் வரத் தொடங்கினர். ரஷீது மடியிலிருந்த குவளைகளை அவிழ்த்தான். இஞ்சியைத் தட்டினான். முதல் தேநீரை ஹபீபுல்லாவுக்குக் கொடுத்தான். அவர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காலிக் குவளையை மறுபடி நீட்டினார். அதற்கடுத்த தேநீர் கடைக்குப் பின்புறம், தட்டி மறைவிலே அமர்ந்திருந்த ஷரீஃபுன்னிசாவுக்கு வந்தது. சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகவே இருந்தது. அவள் அதைத் தன் கணவனுக்கு மட்டும் கேட்கும்படி கண்டித்தாள்.

ஒரு மாதத்துக்குப் பிறகு நடந்தது இது. மடிப்பு வேலையை ஷரீஃபுன்னிசா விடவில்லை. வீட்டுக்கு இரண்டு பாரமாகக் கொடுக்க வேண்டும் என்று வேதமாணிக்கத்திடம் வாதாடிப் பார்த்தாள், அவர் மசியவில்லை. அதற்கு மாறாக, அந்தக் கலங்கரை விளக்கக்காரர் நூலில் மை பரவிப் பாழான தாள்களைச் சேர்த்து, முதற்பாரம் தொட்டுக் கடைசிப் பாரம் வரை முழுதாக ஒரு கட்டைக் கொடுத்தார். அதை அவள் மூன்று நாள் இரு கையாலும் திருப்பித் திருப்பிப் படித்தாள். பிறகு கடைச் சுவர் காரை பெயர்ந்து அழுக்காயிருக்கிறதென்று ரஷீது சொன்னதும், ஒட்டிக்கொள்ளக் கொடுத்தாள்.

மடிக்காத பாரத்தில் மேல்வரிசைப் பக்கங்கள் தலைகீழாயிருக்கும் என்பது ரஷீதுக்குத் தெரியாது. பாரங்களின் வரிசையும் தெரியாது. கோதுமைப் பசை தடவி அவன் பாட்டுக்கு ஒட்டிவிட்டான். அன்றிலிருந்து அந்தக் கடையில் தேநீர் குடிப்பவர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டும், சிலர் இடுப்பை வளைத்து அண்ணாந்தும் சுவரைப் படிக்கலானார்கள். அலி அக்பர் ஒரு வாசகத்திற்காகக் குனிந்தவன் தேநீரைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டான். “வால எங்க ஒட்டினே மாமு?” என்று கேட்டான். நான்காம் பாரம் அடுப்புப் பக்கத்துச் சுவரில் இருந்தது; ஐந்தாம் பாரம் அதற்கு நேர் எதிர்ச் சுவரில், பெஞ்சிக்குப் பின்னால்.

ஒரு சனிக்கிழமை, ஜெரினாவோடு மதிய உணவு கொண்டுவந்த ஷரீஃபுன்னிசா தட்டி மறைவில் இருந்தாள். நெத்திலிக் குழம்பின் மணம் கடையெல்லாம் பரவியிருந்தது. புதிதாக ஒருவன், எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்துக்காரன் போலும், கையில் தேநீரோடு அடுப்புச் சுவரைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

“பொறுமையோடு… கரையில்… அமர்ந்திருப்பவனைத் தேடிக் கப்பல் தானே வரும். ஆஹா! இன்னா வார்த்த! கேட்டியா பாய்? அல்லாம் தானா வரும்னு கீது. நாம ஏன் ஓடணும்?” என்று சொல்லி, பெஞ்சியில் அமர்ந்து காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

ரஷீது தேநீர் ஆற்றுவதை நிறுத்தாமல், அவனைப் பார்க்காமலே சொன்னான்:

“அத்தோட நிக்காத நைனா. அப்டியே திரும்பி ஒக்காரு. மிச்சம் ஒன் முதுகாண்ட கீது.”

தட்டிக்குப் பின்னால் ஜெரினா வாய்விட்டுச் சிரித்தாள். ஷரீஃபுன்னிசா அவளை அதட்டவில்லை. உப்பளத்துக்காரன் குவளையோடு பெஞ்சியில் மெல்லத் திரும்பும் ஓசை கேட்டது. அவன் நண்டு வரை வந்து சேர எத்தனை நேரமாகும் என்று காது கொடுத்துக்கொண்டே, அவள் கணவனுக்குச் சோற்றைப் போட்டாள்.